நியான் டிரான்ஸ்ஃபார்மரை ஷார்ட் பண்ணினாலும் ஒன்றும் ஆகவில்லை, மைக்ரோவேவ் டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் ஏன் எம்.சி.பி.யை ட்ரிப் பண்ணுகிறது?

சுருள்கம்பி:

வணக்கம். பாலிடெக்னிக் ஒன்றில் எலெக்ட்ரிகல் லேப் அசிஸ்டென்டாக இருக்கிறேன். கண்காட்சிக்காக ஜேக்கப் ஏணி செய்துகொண்டிருக்கிறோம், அதாவது V மாதிரி விரித்து வைத்த இரண்டு கம்பிகளுக்கு நடுவே ஆர்க் கீழே பிடித்து மேலே ஏறிப் போய் அணைந்து திரும்பக் கீழே பிடிக்குமே, அது. ஒரு ஜவுளிக்கடையின் பழைய நியான் போர்டைக் கழற்றியபோது அதிலிருந்த டிரான்ஸ்ஃபார்மர் கைக்கு வந்தது. உள்ளே தார் ஊற்றி அடைத்த இரும்புப் பெட்டி, இரண்டு பக்கமும் பீங்கான் முனை, பிளேட்டில் 230 வோல்ட், 15,000 வோல்ட், 30 மில்லி ஆம்பியர் என்று இருக்கிறது. அதில் ஏணி அழகாக ஓடுகிறது. ஒரு தடவை மேலே கம்பி இரண்டும் சாய்ந்து ஒட்டிக்கொண்டுவிட்டன, முழு ஷார்ட், அப்படியும் ஃபியூஸ் போகவில்லை, சூடும் பெரிதாக ஏறவில்லை, உறுமிக்கொண்டே இருந்தது.

பசங்களுக்கு ஆர்க் இன்னும் தடிமனாக வேண்டுமாம். ஒருவர் பழைய மைக்ரோவேவ் அடுப்பின் டிரான்ஸ்ஃபார்மரைக் கொடுத்தார். அதை இன்னும் ஏணியில் மாட்டவே இல்லை, சும்மா பிரைமரிக்கு (சப்ளை கொடுக்கிற சுருள்) சப்ளை கொடுத்தாலே சில நேரம் எம்.சி.பி., அதாவது கரண்ட் கூடினால் தானாக விழுகிற சுவிட்ச், ட்ரிப் ஆகிறது. இதற்குக் கரண்ட்டைக் கட்டுப்படுத்த என்ன வழி? வேரியாக் (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கிற டிரான்ஸ்ஃபார்மர்) வைத்தால் போதுமா, செகண்டரியில் (வோல்டேஜ் வெளியே வருகிற சுருள்) ரெசிஸ்டர் போடலாமா, இல்லை நம் டெஸ்ட் போர்டு மாதிரி ஒரு 200 வாட் குண்டு பல்பை சீரிஸில் விட்டுவிடலாமா? நியானில் மட்டும் இது எப்படித் தானாக நடக்கிறது என்பதும் எனக்குப் புரியவில்லை, டிரான்ஸ்ஃபார்மர் என்றால் ஷார்ட் பண்ணினால் எரியவேண்டும் என்றுதானே நாம் சொல்லிக்கொடுக்கிறோம்.

பட்டறைத்தம்பி:

அண்ணா, உங்கள் ஊர் வெல்டிங் பட்டறைக்கு ஒரு நடை போய் வாருங்கள், பாதி பதில் அங்கேயே இருக்கிறது. பழைய ஆயில் கூல்ட் மெஷின் இல்லாவிட்டாலும் ஏர் கூல்டு டிரான்ஸ்ஃபார்மர் மெஷின் ஒன்றாவது மூலையில் கிடக்கும். மேலே ஒரு கைப்பிடிச் சக்கரம் இருக்கும், அதைச் சுற்றினால் ஒரு திருகுக்கம்பி உள்ளே இருக்கும் இரும்புத் துண்டை ஏற்றி இறக்கும், பக்கத்தில் ஒரு முள் 80, 120, 160 என்று நகரும். அந்த இரும்புத் துண்டுதான் ஷன்ட். பிரைமரிக்கும் செகண்டரிக்கும் நடுவில் அது முழுதாக உள்ளே போனால் கரண்ட் குறையும், வெளியே வந்தால் கூடும். சக்கரத்தைச் சுற்றும்போது உறுமல் மாறுவதைக் காதால் கேட்கலாம், ஷன்ட் கொஞ்சம் லூசாக இருந்தால் கடகடவென்று அடிக்கும், ஒரு ஆப்பு செருகி வைத்திருப்பார்கள்.

வெல்டிங்கில் ராடு பிளேட்டில் ஒட்டிக்கொள்கிறதே, அது முழு ஷார்ட்தான். தினமும் எத்தனை தடவை ஒட்டுகிறது, மெஷின் எரிகிறதா? ராடு சிவந்து போகும், அவ்வளவுதான். சும்மா இருக்கும்போது 70, 80 வோல்ட், ஆர்க் பிடித்த பிறகு 25 வோல்ட் பக்கம். நியானுக்கும் அதே கதை, வோல்ட்டும் ஆம்பியரும் மட்டும் தலைகீழ். அதில் ஷன்ட் நகராது, தொழிற்சாலையிலேயே சின்னதாக ஒரு இடைவெளி விட்டு வைத்துத் தார் ஊற்றிவிடுகிறார்கள்.

ஓய்வுவாத்தியார்:

தம்பி பட்டறையிலிருந்து ஆரம்பித்தது சரி. ஏன் என்பதை நான் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், பசங்களுக்கும் சொல்ல உதவும்.

சாதாரண டிரான்ஸ்ஃபார்மரில் பிரைமரியில் உண்டாகிற காந்தப் பாயம் ஏறக்குறைய முழுவதும் செகண்டரி வழியாகப் போகவேண்டும் என்றுதான் எல்லாரும் மெனக்கெடுகிறார்கள். நியானில் வேண்டுமென்றே அப்படிச் செய்வதில்லை. செகண்டரியில் கரண்ட் ஓட ஆரம்பித்ததும் அது எதிர்ப்பாயத்தை உண்டாக்கித் தள்ளும், அப்போது பிரைமரியின் பாயத்துக்கு நடுவில் இருக்கிற ஷன்ட் வழி சுலபமாகிவிடும். ஏரி நிரம்பி அழுத்தம் ஏறினால் கலிங்கல் வழியே தண்ணீர் வழிவது போல, மிச்சப் பாயம் ஷன்ட் வழியே சுற்றிக்கொண்டு பிரைமரிக்கே திரும்பிவிடுகிறது. செகண்டரிக்கு வருவது குறைகிறது, வோல்டேஜ் சரிகிறது. முழு ஷார்ட்டில் ஏறக்குறைய எல்லாமே ஷன்ட் வழிதான்.

கணக்கில் பாருங்கள். பிளேட்டில் போட்டிருக்கிற 15,000 வோல்ட் ஓப்பனில், 30 மில்லி ஆம்பியர் ஷார்ட்டில். இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது. ஒன்றை ஒன்றால் வகுத்தால் 5 லட்சம் ஓம். அவ்வளவு இம்பீடன்ஸ், அதாவது ஏ.சி. கரண்ட்டுக்கான மொத்தத் தடை, உள்ளுக்குள்ளேயே இருக்கிறது, பெரும்பகுதி ரியாக்டன்ஸ் (சுருளின் காந்தப் பாயத்தால் வருகிற தடை), அதனால் அது சூடாக வெளியே வருவதில்லை. ஷார்ட்டில் பிரைமரி எடுப்பதும் 450 வோல்ட்-ஆம்பியர், 230-ஆல் வகுத்தால் 2 ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவு. உங்கள் ஃபியூஸ் ஏன் போகவில்லை என்பது இப்போது தெரியும். சொல்லப்போனால் இந்த ஜாதி டிரான்ஸ்ஃபார்மருக்கு ஷார்ட்டைவிட ஓப்பனில் விட்டு வைப்பதுதான் கெடுதி, முழு 15,000-மும் இன்சுலேஷன் மேல் நிற்கும். ஏணியின் கீழ் இடைவெளியை ரொம்ப அகலமாக வைத்து, ஆர்க் பிடிக்காமல் சப்ளையை ஆனில் விடாதீர்கள்.

இப்போது உங்கள் மூன்று யோசனைகள்.

வேரியாக் கரண்ட்டைக் கட்டுப்படுத்தாது, வோல்டேஜைத்தான் மாற்றும். ஆர்க்குக்குப் பிடிக்க நிறைய வோல்டேஜ் வேண்டும், பிடித்த பிறகு கொஞ்சம் போதும், அதுவும் கரண்ட் கூடக் கூட ஆர்க்கின் வோல்டேஜ் குறைந்துகொண்டே போகும். ரெசிஸ்டர் மாதிரி நடந்துகொள்ளாது. அதனால் வெறும் வேரியாக்கோடு விட்டால் ஒன்று ஆர்க்கே பிடிக்காது, இல்லை பிடித்ததும் தடுப்பதற்கு ஆள் இல்லாமல் கரண்ட் எகிறும். நடுவில் நிற்கவே நிற்காது. டியூப்லைட்டுக்கு சோக் வைப்பதும் இதற்காகத்தான், சோக் இல்லாமல் டியூபை நேரே 230-இல் பற்றவைத்தால் அதோடு அதன் கதை முடிந்தது.

செகண்டரியில் ரெசிஸ்டர் என்றால் அதே 5 லட்சம் ஓம் வேண்டும், ஷார்ட்டில் 450 வாட் சூடு, ஒரு இஸ்திரிப் பெட்டியில் பாதி. அது போக ஒரு கால் வாட் ரெசிஸ்டர் தாங்குவது 250 வோல்ட் சுமார்தான், அதற்கு மேல் போனால் வெளிப்பக்கமாகவே பொறி தாண்டிவிடும். எத்தனை டஜன் கோர்ப்பீர்கள்?

குண்டு பல்பு பரவாயில்லை, பழுது பார்க்கிற மேசையில் அதைவிட நல்ல காவல் இல்லை. குளிர்ந்த இழையின் தடை எரிகிற இழையில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே, அதனால் சும்மா இருக்கும்போது வழிவிடும், ஷார்ட் வந்ததும் பளீரென்று எரிந்து கரண்ட்டைத் தன் அளவிலேயே நிறுத்திவிடும். 200 வாட் பல்பு என்றால் 0.87 ஆம்பியருக்கு மேல் போகாது. ஆனால் ஏணி ஓடும்போது பல்பும் மின்னி மின்னி எரியும், ஆர்க் மெலிந்துவிடும்.

கண்டென்சர் பற்றி நீங்கள் கேட்கவில்லை, கேட்காமலே சொல்லிவைக்கிறேன், யாராவது யோசனை சொல்வார்கள். 5 லட்சம் ஓம் ரியாக்டன்ஸுக்கு 50 ஹெர்ட்ஸில் ரெசொனன்ஸ் ஆகிற, அதாவது ஒத்ததிர்கிற, கண்டென்சர் சுமார் 6.4 நானோ ஃபாரட். நியான் செகண்டரியின் குறுக்கே தெரியாமல் அந்த அளவை ஒட்டிய ஒன்றை மாட்டினால் வோல்டேஜ் 15,000-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போகும், உள்ளே வைண்டிங் பஞ்சர். டெஸ்லா காயில் செய்கிறவர்கள் இதற்காகவே அந்த அளவைத் தவிர்த்து ஒன்றரை மடங்கு போலப் பெரிதாக எடுப்பார்கள். பிரைமரி பக்கம் பவர் ஃபேக்டருக்காகப் போடும் கண்டென்சர் வேறு கதை, உங்கள் டிரான்ஸ்ஃபார்மருக்கு 27 மைக்ரோ ஃபாரட் சுமார் வரும், அது லைனிலிருந்து எடுக்கும் கரண்ட்டைத்தான் குறைக்கும், ஆர்க்கில் எதையும் மாற்றாது.

மைக்ரோவேவ் டிரான்ஸ்ஃபார்மர் சும்மா இருக்கும்போதே ட்ரிப் ஆவது இன்ரஷ், அதாவது சுவிட்ச் போட்ட நொடியில் பாய்கிற கரண்ட். இரும்பையும் செம்பையும் மிச்சம் பிடிக்க அதைச் செறிவு நிலையை (இரும்பு அதற்கு மேல் பாயத்தை ஏற்காத எல்லை) ஒட்டியே வடிவமைக்கிறார்கள், அடுப்பின் விசிறி காற்றில் கொஞ்ச நேரம் ஓடினால் போதும் என்ற கணக்கு. சைன் அலையின் தப்பான இடத்தில் சுவிட்ச் போட்டால் முதல் அரைச் சுழற்சியில் கோர் முழுசாகச் செறிந்து கரண்ட் குதிக்கும். பி டைப் எம்.சி.பி. தன் மேல் எழுதிய ஆம்பியரைப் போல 3 முதல் 5 மடங்கில் விழுந்துவிடும், சி டைப் 5 முதல் 10 வரை பொறுக்கும். அதனால்தான் சில நேரம் விழுகிறது, சில நேரம் விழவில்லை.

சுருள்கம்பி:

சார், ரொம்ப நன்றி. கலிங்கல் உதாரணத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொரு கணக்கு போட்டுப் பார்த்தேன், சரியா சொல்லுங்கள். 15,000-க்கு 230 என்றால் விகிதம் 65, அதன் வர்க்கம் 4,250 சுமார், 5 லட்சம் ஓமை அதால் வகுத்தால் பிரைமரி பக்கம் 117 ஓம் வருகிறது. லேபில் பழைய 40 வாட் டியூப்லைட் சோக் குவிந்து கிடக்கிறது. ஒன்று எரியும்போது 0.43 ஆம்பியர், 200 வோல்ட் அதன் மேல் என்றால் 460 ஓம் சுமார், நான்கைப் பேரலலில் போட்டால் 116! அப்போது மைக்ரோவேவ் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரியோடு இந்த நான்கையும் சீரிஸில் விட்டால் அதுவும் 2 ஆம்பியரில் நின்றுவிடும், நியான் மாதிரியே ஆகிவிடும் இல்லையா? கரண்ட் லிமிட் ஆகிவிட்டது என்றால் பயமும் இல்லையே.

நைட்ஷிஃப்ட்:

கணக்கு சரி, கடைசி வரி தப்பு. இந்த ஒரு வரிக்காகத்தான் லாகின் பண்ணி எழுதுகிறேன்.

பிரைமரியில் 2 ஆம்பியர் என்றால் 450 வோல்ட்-ஆம்பியர். நியானில் அது 15,000-ஆல் வகுபட்டு 30 மில்லி ஆம்பியர் ஆனது. மைக்ரோவேவ் டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரி 2,100 வோல்ட் பக்கம். 450-ஐ 2,100-ஆல் வகுத்துப் பாருங்கள், 214 மில்லி ஆம்பியர். கை வழியாக ஏறி மார்பு வழியாகப் போனால் 10 மில்லி ஆம்பியருக்கு மேலேயே பிடித்த கையை விட முடியாமல் தசை இறுகும், 100 பக்கம் ஒரு விநாடி போனால் இதயத் துடிப்பு தாறுமாறாகிற அபாயம் நன்றாகவே உண்டு. நீங்கள் கட்டுப்படுத்தி வைத்திருப்பது அதைப் போல இரண்டு மடங்கு. சோக் டிரான்ஸ்ஃபார்மரைக் காப்பாற்றும், ஆர்க்கை நிலையாக வைக்கும், எம்.சி.பி.யையும் விழாமல் வைக்கும். ஆளைக் காப்பாற்றாது. இன்னும் சொன்னால் எம்.சி.பி. விழாமல் நிம்மதியாக ஓடிக்கொண்டே இருக்கும், அதுதான் மோசம். (முழு ஷார்ட்டில் 230 மொத்தமும் சோக் மேல் விழும்போது அவையும் செறிந்து 2-க்கு மேல் விடும், சூடாகும், அது தனி.)

ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் சப்ளையை வெட்டுகிற சுவிட்ச்) இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். அது பிரைமரி பக்கம் போகிற கரண்ட்டும் வருகிற கரண்ட்டும் சமமா என்றுதான் பார்க்கும். செகண்டரி தனி வைண்டிங், நீங்கள் அங்கே தொட்டுத் துடித்தாலும் பிரைமரியில் போனதும் வந்ததும் சமமாகவே இருக்கும், அதற்கு ஒன்றும் தெரியாது.

யூடியூபில் மரப்பலகையில் உப்புத் தண்ணீர் பூசி, இந்த டிரான்ஸ்ஃபார்மரின் முனைகளை இரண்டு பக்கமும் வைத்துக் கிளை கிளையாகக் கருக்குகிற வீடியோ பார்த்திருப்பீர்கள். அதில் செத்தவர்கள் பலர். அமெரிக்க மரக்கடைசல் சங்கம் தன் நிகழ்ச்சிகளில் அதைச் செய்துகாட்டவே கூடாதென்று தடை போட்டிருக்கிறது. செத்தவர்கள் எல்லாரும் ஒன்றும் தெரியாதவர்கள் இல்லை.

இன்னொரு விஷயம், 2,100 வோல்ட்டின் உச்சம் 3,000, காற்றில் ஒரு மில்லிமீட்டர்தான் தாண்டும். உங்கள் ஏணி கீழே தானாகப் பிடிக்கவே பிடிக்காது, யாராவது கம்பியை ஒட்டவைத்து இழுக்க வேண்டும். கண்காட்சியில் அந்த வேலையை யார் செய்யப்போகிறார்கள்?

தொழிலில் எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டால் சொல்கிறேன், நான் அனல்மின் நிலையத்தில் இ.எஸ்.பி. பக்கம் வேலை பார்ப்பவன், சாம்பலைப் பிடிக்கிற எலெக்ட்ரோஸ்டாடிக் பிரெசிப்பிடேட்டர். அங்கே டிரான்ஸ்ஃபார்மரும் ரெக்டிஃபயரும் ஒரே எண்ணெய்த் தொட்டிக்குள், வெளியே பத்தாயிரக்கணக்கில் நெகட்டிவ் டி.சி. உள்ளே ஸ்பார்க் வருவது கோளாறு இல்லை, வழக்கம், நிமிடத்துக்கு இத்தனை ஸ்பார்க் என்று செட் பண்ணியே ஓட்டுவோம், ஏனென்றால் பொறி தாண்டுகிற விளிம்பில்தான் சாம்பல் நன்றாகப் பிடிபடும். 415 வோல்ட் சப்ளை, முதுகோடு முதுகாக இரண்டு தைரிஸ்டர் (கேட் பல்ஸ் கொடுத்தால் பற்றுகிற செமிகண்டக்டர் சுவிட்ச்), அப்புறம் ஒரு ரியாக்டர் (பெரிய சோக்), அப்புறம் டிரான்ஸ்ஃபார்மர். கன்ட்ரோலர் ஸ்பார்க்கைப் பார்த்ததும் தைரிஸ்டருக்கு கேட் பல்ஸை நிறுத்திவிடும். புதிதாக வருகிற பசங்கள், கன்ட்ரோலர் இவ்வளவு வேகமாக இருக்கும்போது அந்த இரும்பு ரியாக்டர் எதற்கு என்று கேட்பார்கள். ஒரு தடவை பற்றிய தைரிஸ்டர் கரண்ட் பூஜ்யத்துக்கு வந்தால்தான் அணையும், 50 ஹெர்ட்ஸில் அரைச் சுழற்சி 10 மில்லி விநாடி. அந்த 10 மில்லி விநாடிக்குள் எந்த கன்ட்ரோலராலும் ஒன்றும் செய்ய முடியாது, கரண்ட்டைப் பிடித்து நிறுத்துவது அந்த ரியாக்டர் மட்டும்தான். அது இல்லாவிட்டால் டயோடு போகும், தைரிஸ்டர் போகும்.

அங்கேயும் ரியாக்டர் இருக்கிறது என்பதற்காக யாரும் உள்ளே கை வைப்பதில்லை. இன்டர்லாக் சாவி, எர்த் ராடு, எல்லாம் போட்ட பிறகுதான் கதவே திறக்கும்.

கருப்பட்டி:

இடையில் ஒரு சின்னச் சேர்க்கை, சப்ஸ்டேஷன் பக்கத்திலிருந்து. மேலே வாத்தியார் சொன்ன உள் இம்பீடன்ஸ் எல்லா டிரான்ஸ்ஃபார்மரிலும் உண்டு, அளவுதான் வேறு. தெருமுனையில் நிற்கிற 100 கே.வி.ஏ., 11 கே.வி. டிரான்ஸ்ஃபார்மரின் பிளேட்டில் சதவீத இம்பீடன்ஸ் 4.5 என்று இருக்கும். 100 சதவீதத்தை 4.5-ஆல் வகுத்தால் 22 மடங்கு, முழு லோடு 133 ஆம்பியர் என்றால் எல்.டி. (குறை வோல்டேஜ்) முனையிலேயே ஷார்ட் ஆனால் 3,000 ஆம்பியர் சுமார். நியானில் அதே கணக்கில் இம்பீடன்ஸ் 100 சதவீதம், அதனால்தான் ஷார்ட்டும் முழு லோடும் ஒன்றாக இருக்கிறது.

இங்கேயும் 50 சதவீதம் வைத்துவிட்டால் ஷார்ட் பயமே இல்லையே என்று ஒருவர் கேட்டார். வைத்தால் சாயங்காலம் ஊரே லைட் போட்டதும் வோல்டேஜ் படுத்துவிடும். அதனால் இம்பீடன்ஸைக் குறைவாக வைத்துவிட்டு, ஷார்ட்டை இயந்திர பலத்தால் தாங்குகிற மாதிரி வைண்டிங்கைக் கட்டுகிறார்கள். விசை கரண்ட்டின் வர்க்கத்தில் ஏறும், 22 மடங்கு கரண்ட் என்றால் வைண்டிங்கைப் பிய்க்கிற விசை 490 மடங்கு. பிரித்த டிரான்ஸ்ஃபார்மரில் காயில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, நடுவிலிருக்கிற மரக்கட்டைகள் வெளியே துருத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் எரிந்ததா உதைத்ததா என்று சொல்லிவிடலாம். பெங்களூர் சி.பி.ஆர்.ஐ. என்கிற மத்திய மின் ஆராய்ச்சி நிலையத்தில் ஷார்ட் சர்க்யூட் டெஸ்ட் என்று நிஜமாகவே ஷார்ட் பண்ணிப் பார்ப்பார்கள்.

சுருள்கம்பி:

நைட்ஷிஃப்ட் அண்ணா, 214 என்று பார்த்ததும் மைக்ரோவேவ் டிரான்ஸ்ஃபார்மரைத் திரும்ப ஸ்டோரில் வைத்துப் பூட்டச் சொல்லிவிட்டேன். நியானோடேயே போகிறோம். ஒரே சந்தேகம், ஒரு பையன் நியான் பெட்டியின் தாரை உருக்கி ஷன்ட்டில் இரண்டு தகடுகளை உருவிவிட்டால் கரண்ட் கூடும் என்று எங்கேயோ படித்துவிட்டு வந்திருக்கிறான்.

ஓய்வுவாத்தியார்:

கூடும். 30 இருந்த இடத்தில் 50-க்கு மேலும் போகும், அப்புறம் அந்த முடி மாதிரி செகண்டரிக் கம்பி எவ்வளவு நாள் தாங்கும் என்பது வேறு. ஷன்ட்டைத் தொடாதீர்கள். 30 மில்லி ஆம்பியரே பத்திரம் இல்லை என்பதையும் பசங்களுக்குச் சொல்லுங்கள், 10-க்கு மேல் பிடித்த கையை விட முடியாது என்று நைட்ஷிஃப்ட் மேலேயே எழுதியிருக்கிறார்.

ஆர்க் தடிமனாகத் தெரிய கரண்ட் தேவையில்லை. அறை விளக்கை அணையுங்கள், விசிறியை நிறுத்துங்கள், பின்னால் கறுப்பு அட்டை. கீழே இடைவெளி 6 மில்லிமீட்டர் போல வைத்து, மேலே 4, 5 சென்டிமீட்டர் வரை மெதுவாக விரியட்டும். நாலு பக்கமும் அக்ரிலிக், மேலே மட்டும் காற்றுப் போக்கு, கூட்டம் ஒரு மீட்டருக்கு அப்பால் கயிறு கட்டி. அக்ரிலிக் ஆர்க்கின் புற ஊதா வெளிச்சத்தையும் நிறைய வடிகட்டும். ஓசோன் வாடை வரும், சின்ன அறை என்றால் விட்டு விட்டு ஓட்டுங்கள். சுவிட்ச் அழுத்திப் பிடித்தால் மட்டும் ஓடுகிற மாதிரி, கையை எடுத்தால் நிற்கவேண்டும்.

நைட்ஷிஃப்ட்:

எர்த் பற்றி யாரும் சொல்லவில்லை. இந்த நியான் டிரான்ஸ்ஃபார்மர்களில் பெரும்பாலும் செகண்டரியின் நடுப்புள்ளி பெட்டியோடேயே இணைந்திருக்கும், ஒவ்வொரு முனைக்கும் எர்த்துக்கும் நடுவே 7,500. பெட்டிக்கு எர்த் கொடுக்காமல் மர மேசையில் வைத்து ஓட்டினால், ஒரு பக்கம் எங்காவது கசிந்த நொடியில் பெட்டியே உயர் வோல்டேஜில் நிற்கும். கடையிலிருந்து கழற்றும்போது எர்த் கம்பியை வெட்டி எறிந்திருப்பார்கள், அது எப்போதும் நடப்பது. பெட்டியில் எர்த் போல்ட் இருக்கிறதா, பெயின்டைச் சுரண்டிவிட்டு லக் போட்டு இறுக்கினீர்களா, மீட்டரில் மெயின் எர்த் வரைக்கும் கன்டினியூட்டி வருகிறதா என்று சப்ளை பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டுப் பாருங்கள். பிளேட் தெரிகிற மாதிரி ஒரு போட்டோவும் போடுங்கள், நடுப்புள்ளி படம் சில கம்பெனி பிளேட்டிலேயே போட்டிருப்பார்கள்.